பம்பாயில் பிறந்த கோவா நாடகம்: ஒரு கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. கோவாவின் தியாத்ர் என்ற கொங்கணி மேடை நாடகத்தைப் பற்றிப் போன வீடியோவில் சொன்னேன் இல்லையா, அதைப் பார்த்த ஒருவர் கேட்கிறார்: "முதல் தியாத்ர் நடந்தது பம்பாயில்தானே, அதைக் கோவா நாடகம் என்பது சரியா? கதைக்கு நடுவே சம்பந்தமில்லாத பாட்டு வேறு எதற்கு?"

இடம் பம்பாய்தான், மறுக்கவில்லை. 1892 ஏப்ரல் 17, நியூ ஆல்ஃபிரட் தியேட்டர், 'இத்தாலியன் புர்கோ' என்ற நாடகம். போட்டவர் லூகாசின்யோ ரிபெய்ரோ, கோவாவின் அசகாவ் ஊர்க்காரர். இத்தாலிய ஆப்பரா குழு ஒன்றில் வேலை பார்த்தவர். அங்கே பார்த்ததைக் கொங்கணியில் செய்து காட்டினார். போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவில் அப்போது பிழைப்புக்கு வழி குறைவு. சமையல்காரராக, பேண்டு வாத்தியக்காரராக, கப்பல் தொழிலாளியாகப் பம்பாய்க்கு வந்தவர்கள், தோபி தலாவ் பக்கம் ஊர்வாரியாக இருந்த 'கூட்' விடுதிகளில் தங்கினார்கள். பாதி ஊர் அங்கே இருக்கும்போது நாடகம் வேறெங்கே பிறக்கும்? தியாத்ரின் தந்தை என்று கொண்டாடப்படும் ஜுவாவ் அகுஸ்தின்யோ ஃபெர்னாண்டஸும் கோவாவின் மட்காவ் ஊர்க்காரர்தான். அவரும் பம்பாய் மேடையில்தான் வளர்ந்தார். அவர் மனைவி ரெஜினா 1904-இல் மேடையேறினார். அதுவரை பெண் வேஷமும் ஆண்கள் கட்டியதுதான்.

பாட்டு விஷயத்துக்கு வருவோம். ஒரு தியாத்ரில் ஆறேழு அங்கம் இருக்கும். ஒன்று முடிந்து திரை விழுந்ததும் பாடகர் திரைக்கு முன்னால் மைக்கிடம் வந்து நிற்பார். பின்னால் ஆட்கள் வீட்டுக்கூடத்தைக் கழற்றித் தேவாலயமாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். பலகை இழுபடும் சத்தத்தை ட்ரம்பெட்டும் டிரம்ஸும் அமுக்கிவிடும். சீன் மாற்ற அவகாசம் கொடுப்பது ஒரு வேலை. ஆனால் என்னைக் கேட்டால், ஜனங்கள் காசு கொடுப்பதே இந்தப் பாட்டுக்குத்தான். சுரங்கம், கேசினோ, நில விற்பனை, கட்சி தாவும் எம்.எல்.ஏ. என்று எல்லாம் அதில் வரும். கடைசி வரியில் பாடகர் ஒரு குத்து வைப்பார், கொட்டகை அதிரும். கதைக்குச் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம், கேட்கிறவர்களுக்குச் சம்பந்தம் உண்டு.

கோவாவை மகாராஷ்டிரத்தோடு சேர்க்கலாமா என்று 1967 ஜனவரி 16 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது, தியாத்ர் பாடகர்கள் வேண்டாம் என்று பாடினார்கள். 'வேண்டாம்' தரப்புதான் ஜெயித்தது. பாட்டால் மட்டும் ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிக்கத் தெரியாதவர் காதுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

இப்படி நடுவில் நிறுத்தாமல், பாட்டையும் கதைக்குள்ளேயே வைத்து ஒரே ஓட்டமாகப் போகிற 'நான் ஸ்டாப்' வகையும் பின்னாளில் வந்தது. கார்னிவல் சமயத்தில் கிராமங்களில் ஆடுகிற 'கேள்' கூத்திலிருந்து மேடைக்கு வந்தது அது. எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. சரி, அடுத்த கேள்வி.