பேசாமல் முடிந்த ஓர் உரை

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். கரும்பலகை இல்லாமல் பேசுவது இதுதான் முதல் தடவை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை இல்ல விளையாட்டுப் போட்டியில் உடற்பயிற்சிக்கு 37 பிள்ளைகள். நாலு நாலாக நிறுத்தினால் ஒருவர் மிச்சம், ஐந்தைந்தாக என்றால் இரண்டு பேர். ஆறாறாக நிறுத்தியும் ஒருத்தி மிஞ்சினாள். அவள் கையில் கொடியைக் கொடுத்து முன்னுக்கு அனுப்பிவிட்டோம். இப்படி எந்தச் சம வரிசைக்கும் அடங்காததுதான் முதன்மை எண்.

சரி, பெரிய எண்ணுக்கு வருவோம். ஒரு நெல்மணியை இரண்டாக்குங்கள், இரண்டை நாலாக்குங்கள். 67 தடவை இரட்டித்துவிட்டு, ஒரேயொரு மணியைக் கோழிக்குப் போடுங்கள். மிஞ்சுவது 21 இலக்க எண். அம்பாறை வயல் என்ன, உலகம் முழுக்க ஆயிரம் வருடம் விளைந்தாலும் அவ்வளவு நெல் சேராது.

1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி அதை முதன்மை எண் என்று எழுதிவைத்தார். 1876இல் லூக்காஸ் என்பவர் இல்லை என்று நிறுவினார். எப்படி? ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல்! 'பிள்ளைகளைச் சமமாக நிறுத்தலாம், ஆனால் எத்தனை எத்தனை பேராக என்று எனக்குத் தெரியாது' என்பது மாதிரி. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

அந்த வரிசையைக் காட்டியவர் கோல் என்ற அமெரிக்கர். 1903இல் நியூயோர்க்கில் கணித அறிஞர்களின் கூட்டம். பேச வந்தவர் வாயே திறக்கவில்லை என்பார்கள். கரும்பலகையின் ஒரு பக்கத்தில் இரட்டித்து இரட்டித்து, ஒன்றைக் கழித்து எழுதினார். மறுபக்கத்தில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார், கையால்தான். இரண்டு விடையும் ஒன்று. பேசாமல் போய் உட்கார்ந்தார், சபை கைதட்டியது. எவ்வளவு காலம் எடுத்தது என்று பிறகு கேட்டதற்கு, 'மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம். நாங்கள் கல்லடிக் கடற்கரைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகள்! நான் இங்கே அப்படிப் பேசாமல் இருந்தால், கரண்ட் போய்விட்டது என்று நீங்கள் வானொலியைத் தட்டிப் பார்ப்பீர்கள்.

பெருக்கிக் காட்ட ஒரு கூட்டம் போதும், பிரித்தெடுக்க மூன்று வருடம். இதை வைத்துத்தான் இணையத்தில் வங்கி இரகசியங்களுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். அதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன், ஆனால் கண்ணாடிக்கு அப்பால் தம்பி மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று, தம்பி. 2024இல் கண்டுபிடித்த மிகப் பெரிய முதன்மை எண்ணுக்கு 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். நெல் கதைதான், 13 கோடியே 62 இலட்சத்து 79 ஆயிரத்து 841 தடவை இரட்டித்து ஒன்றைக் கழித்தது. வினாடிக்கு ஓர் இலக்கமாக நான் வாசித்தால், சோறு தண்ணி நித்திரை இல்லாமல் ஒரு வருடமும் மூன்றரை மாதமும் ஆகும். தம்பி இப்போது எழும்பியே நிற்கிறார். வணக்கம்.