சுளகில் போட்ட புளியங்கொட்டை

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

மேரி கியூரி யாரென்று கேட்டால் நம் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். 1867இல் போலந்தில் பிறந்தார். 1903இல் பௌதிகத்துக்கும் 1911இல் இரசாயனவியலுக்கும் நோபல் பரிசு பெற்றார். பரீட்சைக்கு அது போதும். மட்டக்களப்பின் படுவான்கரையில் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில் நானும் அதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், அவர் நாள் முழுவதும் என்ன வேலைதான் செய்தார்?"

எனக்குச் சுருக்கென்றது. பாடத்தில் இல்லாதது அதுதானே!

"உன் அம்மம்மா நெல் அவிப்பதைப் பார்த்திருக்கிறாயா?" என்று தொடங்கினேன். பிட்ச்பிளெண்ட் என்ற கறுப்புத் தாதுவிலிருந்து, யுரேனியத்திலிருந்து வருவதைவிடக் கூடுதலான கதிர் வந்தது. கணக்கு இடித்தது. கருவி பிழையோ என்று மேரி திரும்பத் திரும்ப அளந்தார். பிழையில்லை என்றால் உள்ளே வேறொரு மூலகம் ஒளிந்திருக்க வேண்டும். 1898இல் பொலோனியம், இரேடியம் என இரண்டை அறிவித்தார்கள், அவரும் கணவர் பியரும். கையில் எடுத்துக் காட்டவேண்டுமே! பாரிஸில் கூரை ஒழுகும் கொட்டில் ஒன்றில், தொன் கணக்கான தாதுவைக் கிடாரம் கிடாரமாகக் காய்ச்சி, தன் உயரத்துக்கு இருந்த இரும்புக் கம்பியால் கிண்டினார். 1902இல் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு இரேடியம் குளோரைட்டு. நாலைந்து அரிசிமணியின் நிறை.

அணுக்கள் தாமாகச் சிதைந்து கதிர் வீசும் கதிர்த்தொழிற்பாட்டைக் கண்ணால் காட்ட முடியாது. ஆகவே புளியங்கொட்டையை எடுத்தேன். 64 கொட்டைகள், ஒரு பக்கம் சீமெந்துத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கியவை. தாயம் விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். சுளகில் போட்டுக் குலுக்கி, வெள்ளை மேலே வந்தவற்றை அகற்றச் சொன்னேன். 34 மிஞ்சின. மறுபடி குலுக்க 16, பிறகு 9. எந்தக் கொட்டை போகும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை; ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறையப் பாதி போய்க்கொண்டே இருந்தது. அணுக்களும் அப்படித்தான். இரேடியம் பாதியாவதற்கு சுமார் 1600 ஆண்டுகள் செல்லும்.

இடையில் நம் நாட்டுக் கதையொன்று. தோரியமும் கதிர் வீசும் என்பதை மேரி 1898இல் கண்டார். ஆறே ஆண்டுகளில், தோரியம் நிறைந்த ஒரு புதிய கனிமம் இலங்கையில் அடையாளம் காணப்பட்டது. கண்டவர், கலை ஆய்வாளர் என்றே நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி. அதைத் தோரியனைட் என்கிறார்கள்.

இரேடியக் குழாயைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்ததையும், 1934இல் இரத்தம் ஊறாத நோயில் மேரி இறந்ததையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. நான் மறைத்ததில்லை. அவருடைய குறிப்புக் கொப்பிகள் இன்றும் ஈயம் பூசிய பெட்டிகளில்தான் இருக்கின்றன என்றேன்.

"இப்போதும் கதிர் வருமா, டீச்சர்?" என்றாள் அதே பிள்ளை.

கணக்கை அவளையே போடச் சொன்னேன். நூற்றிருபது ஆண்டுகளில் இரேடியம் நூற்றுக்கு ஐந்து பங்குதான் குறைந்திருக்கும். அவள் எழுதி முடிக்கும்போது, சுளகைப் பிடித்திருந்த பையன் கடைசிக் கொட்டையை ஆறாவது தடவையாகக் குலுக்கிக்கொண்டிருந்தான். அது இன்னும் கறுப்பாகவே விழுந்தது.