போன நாளைக் குறித்தல்

வணக்கம். யாழ்ப்பாணத்துக்கு வரும் பறவைகளைப் பற்றிப் பேசுமாறு இந்த நிலையத்தார் என்னை அழைத்திருந்தார்கள். போகும் பறவைகளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன், சம்மதித்தார்கள். தை மாதத்தில் கடல்நீரேரியில் பூநாரைக் கூட்டம் இறங்கிவிட்டால், அதைப் பார்ப்பதற்கென்றே பிள்ளை குட்டிகளோடு புறப்படுகிறோம். ஆனால் பங்குனி நடுப்பகுதியிலிருந்து சித்திரை முடியும்வரை எங்கள் வேலியிலும் வாழையடியிலும் இருந்து சின்னஞ்சிறு குருவிகள் ஒவ்வொன்றாக வெளியேறுவதை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவற்றுட் பெரும்பாலானவை இரவில், சொல்லிக்கொள்ளாமலே போய்விடுகின்றன.

வடக்கே குளிர்நாடுகளில் உள்ளோர் இதனை வசந்தகால வலசை என்பார்கள். வசந்தம் அவை போய்ச்சேரும் இடத்தில்தான். புறப்படும் இடமாகிய எங்கள் ஊரில் அது கிணற்று நீர் கீழிறங்கி, வேம்பு பூத்து, மத்தியானத்தில் நாய்கூட நிழலை விட்டு எழும்பாத வெக்கைக் காலம். புரட்டாசி, ஐப்பசியில் வந்த இக்குருவிகள், சோளகக் காற்றுப் பலக்குமுன் புறப்பட்டுவிடுகின்றன.

முதலில் ஆறுமணிக் குருவியைச் சொல்கிறேன். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் இரண்டு சுரத்தில் உரக்க விசிலடிப்பதால் வந்த பெயர் அது. பறவையியலாளர் இதனைப் பாடும் பறவைகளின் நேர்வரிசையில் வைப்பதில்லை. குரலெழுப்பும் உறுப்பின் தசையமைப்பு எளியது என்பது அவர்கள் கணக்கு. என் காதுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. எங்கள் கிணற்றடித் தண்ணீர் ஓடி விழும் வாழைப்பாத்தியில், சருகுக்குள் ஏதோ தத்துவது தெரியும். அசையாமல் இருந்தால், பச்சை முதுகும் மங்கிய மஞ்சள் நெஞ்சும் கொண்ட, வால் இல்லையோ என்று எண்ணத்தக்க உருண்டைக் குருவியொன்று சருகைச் சொண்டால் புரட்டி எறிந்து, மண்புழுவை இழுத்தெடுப்பதைக் காணலாம். கண்ணை ஊடறுத்துப் பட்டையான கறுப்புக் கோடு, செட்டையில் நீலத் துண்டு, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு நிழலுக்குள் எப்படித்தான் மறைகிறதோ தெரியவில்லை. இது கூடு கட்டுவது இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்திய, மேற்கு இந்தியக் காடுகளிலும். மழை தொடங்கும்போது அது அங்கே இருக்க வேண்டும்.

இரண்டாவது குருவிக்கு எங்கள் ஊரில் பெயர் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. நூல்களில் பிளைத் நாணற் கதிர்க்குருவி என்று காணப்படும். கல்கத்தா அருங்காட்சியகத்தில் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத்தின் பெயர் அது. தவிட்டு நிறம், அடையாளம் சொல்ல உடம்பில் ஒன்றுமில்லை. கிளுவை வேலிக்குள் இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவதுபோல் "டக், டக்" என்று கேட்டால் அதுதான். நிறை ஏறத்தாழ 10 முதல் 12 கிராம். அதன் இனப்பெருக்க நிலம் பின்லாந்திலிருந்து ரஷ்யா, கசகஸ்தான் ஊடாகச் சைபீரியா வரை பரந்தது. பின்லாந்து இங்கிருந்து 7,000 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. மாதக் கணக்காக "டக்" என்பதற்கு மேல் பேசாத இந்தக் குருவி, பங்குனி பிறந்தபின் அதிகாலையில் வாய்க்குள் முணுமுணுப்பதுபோற் பாடிப் பார்க்கத் தொடங்கும். ஊருக்குப் போகும் எண்ணம் அதற்கு வந்துவிட்டதென்று நான் எடுத்துக்கொள்வேன்.

தகைவிலான்களை மின்கம்பியிலேயே பார்த்துக்கொள்ளலாம். வரும்போது வெளிறிக் கலைந்திருந்த இறகுகளை இங்கேயே உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்வதால், புறப்படும் நாள் நெருங்க முதுகு நீலம் மின்னும். வாலின் இரு ஓர இறகுகளும் கம்பியிழை போல் நீண்டிருக்கும். பழுப்புக் கீச்சான் தோட்டத்து எல்லைக் கதியாலில் நின்று கத்தும். அதைத் தேட வேண்டியதேயில்லை.

புறப்படும் காலம் அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? பகல் நீளுவது ஓர் அறிகுறி. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி பத்து நிமிடந்தான் வேறுபாடு. ஜேர்மனிய அறிஞர் எபர்ஹார்ட் குவின்னர் 1960களின் பிற்பகுதியில், 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருள் என்று நாள்தோறும் மாற்றமின்றி நடந்த அறையில் கதிர்க்குருவிகளை வைத்து ஆராய்ந்தார். பருவத்தைக் காட்டும் தடயம் எதுவும் கிடைக்காத அக்குருவிகள், ஏறத்தாழ ஆண்டுக்கொரு சுற்றாக இறகு உதிர்த்தன. வலசைப் பருவம் வந்ததும் இரவில் நித்திரையின்றித் துடித்தன. குருவிக்குள்ளேயே ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. அது வாக்கியமா திருக்கணிதமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பொழுதுபட்டு இருள் சூழ்ந்தபின் அவற்றுட் பெரும்பாலானவை எழுகின்றன. விண்மீன்களும் புவியின் காந்தப்புலமும் வழிகாட்டுகின்றன. எங்கள் வடகரையிலிருந்து நேரே எதிரே கோடியக்கரை 50, 60 கிலோமீற்றர். இன்னொரு பகுதி மன்னார்ப் பக்கத்தால் தீவுத்திடல்களைத் தொட்டுக் கடக்கலாம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல்லாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்து வருகிறார்கள். எங்கள் கரையிலோ, குறிப்புக் கொப்பியோடு நிற்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பார்ப்பதற்கு ஒரு முறை சொல்கிறேன். பறவை வந்த நாளைக் குறிப்பது எளிது: முதன்முதற் கண்டதும் எழுதிவிடலாம். போன நாளை அப்படி எழுத முடியாது. இன்று கண்டதுதான் கடைசி என்பது இன்று தெரியாது. பின்னர் சில நாட்கள் காணாமல் இருந்தால்தான் தெரியவரும். ஆகவே நாள்தோறும் குறிக்க வேண்டும். எங்கள் வீட்டுச் சுவர் நாட்காட்டியில், கண்டால் ஒரு புள்ளி, குரல் மட்டும் கேட்டால் ஒரு வட்டம், தேடியும் இல்லையென்றால் ஒரு கோடு. தேடாத நாளை வெறுமையாக விட வேண்டும்; அங்கே கோடு போட்டால் பொய்யாகிவிடும். ஒரு வருடம் இரண்டு நாள் சத்தமில்லை என்று கண்டு, ஆறுமணிக் குருவி போய்விட்டதென்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன். ஒரு கிழமை கழித்து, புத்தாண்டுக்கு மருத்துநீர் வைத்துக்கொண்டிருந்த வேளையில், பின்வளவிலிருந்து அது விசிலடித்தது. வீட்டார் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு இக்குருவிகளை வெளியே வரவழைக்கும் வழக்கம் பரவுகிறது. எக்காலத்திலும் அதை நான் விரும்பவில்லை. பயணத்துக்கு இரைதேடிக் கொழுக்கும் இந்நாட்களில் அது சுத்த அநியாயம். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துத் தள்ளியிருங்கள், வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கிளுவையும் பூவரசும் நின்ற வேலிகளை வெட்டி மதில் எழுப்பிய ஒழுங்கைகளில் அந்த "டக், டக்" ஒலியை நான் கேட்பதில்லை. உலக வலசைப் பறவைகள் நாளை மே மாத இரண்டாவது சனிக்கிழமையிலும் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு எங்கள் வளவில் விருந்தாளிக் குருவி ஒன்றுகூடப் பெரும்பாலும் மிஞ்சியிராது.

நேற்று மாலை ஆறு மணி கழிந்து சற்று நேரத்தில் வாழையடியில் ஆறுமணிக் குருவியின் குரல் கேட்டது, வட்டம் போட்டேன். இன்று காலை இந்த நிலையத்துக்குப் புறப்படும்வரை காத்திருந்தேன், கேட்கவில்லை. கோடு போட்டிருக்கிறேன். போய்விட்டது என்று எழுதுவதற்கு இன்னும் பத்து நாள் பொறுப்பேன். வணக்கம்.