ரதிக்கு மட்டும் தெரிகிறவன்

நடுவர் ஐயாவுக்கும், இந்த மாசிப் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். 'இலங்கை மலையகப் பாட்டின் பொருளைத் திறப்பது சமய வரலாறா, உழைப்பின் வரலாறா?' என்பது தலைப்பு. நான் சமய வரலாற்றின் பக்கம்.

எதிரணித் தம்பி, "வெள்ளைக்காரர் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867இல். தோட்டத்தில் பிறந்த பாட்டுக்குப் புராணம் எதற்கு? விட்டால் இவர்கள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியிலும் சாமியைத் தேடுவார்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

தம்பி, தேடவே வேண்டாம், அங்கேதான் இருக்கிறார். கவ்வாத்துச் சாமி என்றே அவருக்குப் பெயர். தேயிலைத் தொழிற்சாலையில் ரோதை, அதாவது இயந்திரச் சக்கரம், சுற்றியது. அதற்கு ஒரு ரோதை முனி. எந்த ஆகமத்தில் ரோதை முனி இருக்கிறார்? நம் தாத்தாமார் இந்த மலையில் உண்டாக்கிய சாமி அவர். அதுவும் சமய வரலாறுதானே! கத்தி பிடித்த கையைப் பார்க்கிறீர்கள், அதே கை கும்பிட்டதை ஏன் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்?

சரி, தேயிலைக்கு 1867. ஆனால் 1820களிலேயே கோப்பித் தோட்டத்துக்கு நம் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். தலையில் சட்டிபானை, மனதில் காமன் கதை; சிவன் எரித்த மன்மதன், அவனுக்காக அழுத மனைவி ரதி, அந்தக் கதை. தஞ்சாவூர்ப் பக்கம் லாவணி என்ற போட்டிப் பாட்டுக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாட்டிலேயே வழக்காடுவார்கள். அந்தக் காமனுக்குத்தான் நாம் மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுகிறோம்.

அப்புறம், என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள். எனக்கு எட்டு வயது. காமன் எரிகிற இரவு. தப்புப் பறைச் சத்தம் மலை முழுக்க. கீழ் லயத்து வரிசை வீட்டு மாமா ஒருவர் நேர்த்தி வைத்து ரதி வேஷம் கட்டியிருந்தார். காமன் எரிந்தான். ரதி தரையில் விழுந்து புருஷனைக் கேட்டு அழுகிறாள். பக்கத்தில் பார்க்கிறேன், அம்மாயியும் அழுகிறாள். சும்மா கண் கலங்கியதில்லை, தலையில் போர்த்தியிருந்த கொங்காணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். "ரதி புருஷன் செத்தா நீ ஏன் அம்மாயி அழுவுற?" என்றேன்.

"இன்னைக்குத்தாண்டா அழ நேரம் கெடச்சிருக்கு" என்றாள்.

தாத்தா செத்த மூன்றாம் நாள் அவள் பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் போடுகிற இடத்துக்கு, போனவள். போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் அரிசி இல்லை. தம்பி, இதுவரைக்கும் உங்கள் உழைப்பின் வரலாறு போதும். ஒப்புக்கொள்கிறேன். மிச்சத்தையும் கேளுங்கள்.

சிவன் இரங்கி, காமனை உயிர்ப்பிக்கிறார். ஆனால் உருவம் கிடையாது. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். பாட்டில் அந்த வரி வந்ததும் அம்மாயி அழுகையை நிறுத்தினாள். முகத்தைத் துடைத்தாள். கூட்டத்தைத் தாண்டி, இருட்டில் எதையோ பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள்கூட. திரும்பவும் சொல்கிறேன், எல்லோரும் எரிகிற கம்பத்தைப் பார்த்தபோது அவள் ஒருத்தி இருட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் தினமும் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்து வெற்றிலை மடிப்பாள். இரண்டு சுருள். ஒன்று வாய்க்கு. இன்னொன்றை வாசற்படியில் வைப்பாள். யாருக்கு என்று அதுவரை எனக்குப் புரியவில்லை. லயத்தில் சிலர், கிழவிக்குப் புத்தி மாறிவிட்டது என்றார்கள். அவர்களும் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள்தான். கதையை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடிக்கிறேன். தம்பி, எங்கள் தோட்டத்தில் கம்பம் ஊன்றியாயிற்று. பௌர்ணமி இரவு வாருங்கள். ரதி அழும்போது என் பக்கத்தில் நில்லுங்கள். வெற்றிலை நான் கொண்டுவருகிறேன்.