பங்காளி என்ற சொல்

(கோத்தகிரியில் நடந்த மகளிர் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)

அம்மாமார்களே, அக்கா தங்கைகளே,

காலையில் இலை பறித்து, எடை போட்டுக் கொடுத்துவிட்டு இந்தச் சாரலில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நேராகவே கேட்கிறேன். நீங்கள் பறிக்கிற தோட்டத்தின் பட்டாவில் உங்கள் பெயர் இருக்கிறதா? கை தூக்க வேண்டாம், மனதுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

லீலா சேத் என்ற நீதிபதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1930-இல் லக்னோவில் பிறந்தவர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்து, 1958-இல் லண்டன் பாரிஸ்டர் தேர்வில் முதலிடம் பெற்றார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்த இடத்தைப் பிடித்ததில்லை. திரும்பி வந்து கல்கத்தாவில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேரக் கேட்டார். போய்க் கல்யாணம் செய்துகொள் என்றார் அவர். ஆகிவிட்டது என்றார் இவர். குழந்தை பெற்றுக்கொள் என்றார். இருக்கிறது என்றார். ஒரே பிள்ளையாக வளர்ப்பது நல்லதில்லை, இன்னொன்று வேண்டுமே என்றார். அதுவும் இருக்கிறது என்றார் இவர். அதற்குமேல் அந்தப் பெரியவரால் மறுக்க முடியவில்லை, சேர்த்துக்கொண்டார்.

1978-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 1991-இல் இமாச்சலப் பிரதேசத்தில், இந்தியாவிலேயே ஓர் உயர்நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி. நம் ஊட்டியைப் போலவே வெள்ளைக்காரர்களின் கோடைத் தலைநகராக இருந்த சிம்லாவில்தான் அந்த நீதிமன்றம் இருக்கிறது.

ஆனால் இந்தப் பதவிகளைவிட, ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த வேலைதான் உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் வருகிறது. 1997 முதல் 2000 வரை, எந்தச் சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று மத்திய அரசுக்குச் சொல்லும் 15-வது சட்ட ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். பெண்களின் சொத்துரிமை பற்றிய 174-வது அறிக்கை அந்த ஆணையம் 2000-இல் கொடுத்ததுதான்.

‘பங்காளி’ என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். பங்கு உள்ளவர் என்றுதான் பொருள். ஆனால் அண்ணன் தம்பிகளைத்தான் அப்படிச் சொல்கிறோம். கூடப் பிறந்த அக்காவை யாராவது பங்காளி என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுச் சட்டமும் இப்படித்தான் இருந்தது. பரம்பரைச் சொத்தில் மகன் பிறந்ததுமே பங்காளி, மகள் இல்லை. தமிழ்நாடு முன்னாலேயே விழித்துக்கொண்டது. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் போட்ட தீர்மானம், அறுபது வருடம் கழித்து 1989-இல் மாநிலச் சட்டமானது. அதிலும் ஒரு கோடு கிழித்தார்கள்: 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆன பெண்ணுக்குக் கிடையாது.

என் அம்மாவுக்குக் கல்யாணம் 1982-இல். தாத்தா இறந்ததும் மாமாக்கள் விடுதலைப் பத்திரத்தோடு, அதாவது சொத்தில் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரத்தோடு வந்தார்கள். பிறந்ததுமே வரும் பங்கு அம்மாவுக்கு இல்லை என்றாலும், தாத்தாவின் சொந்தப் பங்கில் வாரிசாக அவருக்கும் உரிமை இருந்ததால்தான் கையெழுத்தே தேவைப்பட்டது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. தாம்பாளத்தில் புடவை வைத்துக் கொடுத்தார்கள், அம்மா கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது உண்மையான பயம்.

லீலா சேத் இருந்த ஆணையத்தின் அந்த 174-வது அறிக்கையைத் தொடர்ந்து, 2005 செப்டம்பர் 9-இல் நாடு முழுவதற்கும் சட்டம் திருந்தியது. கல்யாணத் தேதி என்ற கோடு போனது. அப்பா விட்டுச்சென்ற வீட்டை, ஆண் வாரிசுகள் பிரிக்கிற வரை மகள் பிரிக்கக் கேட்க முடியாது என்ற பிரிவும் போனது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையை இப்போது கிளற முடியாது.

எனக்கு ஆறாத ஒன்றும் உண்டு. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பழங்குடியினருக்கு விலக்கு என்று 1956-இலேயே எழுதிவிட்டார்கள். அதை மாற்றுவது பற்றி யோசிக்கும்படி 2022-இல் உச்சநீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. இதே மலையில், பக்கத்துப் பக்கத்து ஊரில், ஒருத்திக்குப் பங்கு உண்டு, இன்னொருத்திக்கு அவள் வழக்கம் சொல்வதுதான்.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்த யோசனை சொல்வதற்காக அரசு அமைத்த வர்மா குழுவிலும் லீலா சேத் இருந்தார். அப்போது வயது 82. 29 நாளில் அறிக்கை தந்தார்கள். கணவனே செய்தாலும் வன்புணர்ச்சி குற்றம்தான் என்று அதில் எழுதியதை அரசு ஏற்கவில்லை. 2017-இல் அவர் காலமானார்.

விடுதலைப் பத்திரம் வந்தால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். நகலை வாங்கிக்கொண்டு ஊட்டியிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். பட்டா நகல் கொண்டுவந்தவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள், இப்போதே பார்த்துவிடலாம்.