கடைசிக் காட்சி சொதப்பலா? கொலம்போவின் ‘மர்டர் பை த புக்’

[திரை: கறுப்பு. டைப்ரைட்டர் சத்தம் மட்டும்.]

நகரத்துக்குள் ஒரு கார் வருகிறது. இன்ஜின் சத்தம் இல்லை, ஹாரன் இல்லை. காதில் விழுவது டைப்ரைட்டர் ஒன்றுதான். டக் டக் டக். காருக்கும் டைப்ரைட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கும்போதே, உயரமான கட்டடம் ஒன்றின் ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்து கதை அடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். கீழே வரும் காரில் இருப்பவர் அவரைக் கொல்லத்தான் வருகிறார். வசனமே இல்லாமல் இவ்வளவும் நமக்குப் புரிந்துவிடுகிறது.

1971 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வந்த காட்சி இது. கொலம்போ என்ற போலீஸ் துப்பறிவாளரின் கதைகள் தொடராக ஆரம்பித்தபோது வந்த முதல் எபிசோட், ‘மர்டர் பை த புக்’. இயக்கியவருக்கு அப்போது வயது 24. பெயர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்.

இதைப் பார்த்தவர்கள் ஐம்பது வருடத்துக்கு மேலாக இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். ஒரு கட்சிக்குத் தொடரிலேயே இதுதான் உச்சம். இன்னொரு கட்சி, “எல்லாம் சரி, முடிவு சப்பென்று போய்விட்டதே” என்று கேட்கிறது. அந்தச் சண்டையைத்தான் இன்றைக்குப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். கதை முழுவதையும் உடைக்கப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு, எபிசோடைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

[திரை: இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு டைப்ரைட்டர்.]

கென் ஃபிராங்க்ளின், ஜிம் ஃபெரிஸ் இருவரும் சேர்ந்து துப்பறியும் நாவல் எழுதும் ஜோடி. அட்டையில் இரண்டு பெயரும் இருக்கும். உள்ளே ஒவ்வொரு வரியும் ஜிம் எழுதியது. கென்னின் வேலை பேட்டி கொடுப்பது, விருந்துக்குப் போவது, பளபளவென்று சிரிப்பது. இனிமேல் தனியாக எழுதப் போகிறேன் என்று ஜிம் சொல்லிவிட்டார். அது நடந்தால் கென்னின் பிழைப்பு போய்விடும்.

அதனால் சமாதானம் பேசுவது போல ஜிம்மைக் காரில் ஏற்றிக்கொண்டு, சான் டியேகோ பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார் கென். “ஆபீஸில் வேலை இருக்கிறது, வர நேரமாகும் என்று உன் மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடு” என்கிறார். ஜிம் பேசிக்கொண்டிருக்கும்போதே சுடுகிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் போனைக் காதில் வைத்திருக்கும் ஜோவன்னாவைப் பொறுத்தவரை, கணவர் ஆபீஸில் இருக்கும்போது சுடப்பட்டார். அந்த நேரத்தில் கென் எத்தனையோ மைல் தள்ளி இருக்கிறார். பொய் சாட்சி யாரும் தேவையில்லை. செத்தவரின் மனைவியே உண்மையான சாட்சி.

இதுவரைக்கும் பார்வையாளர்களில் யாருக்கும் பெரிய மனக்குறை கிடையாது. ஒன்றிரண்டு பேர் டெலிபோன் பில்லைப் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் அப்போது வெளியூர் அழைப்புகள் பில்லில் தனித்தனியாக வரும். அந்த ஏரி வீட்டிலிருந்து ஜிம்மின் வீட்டுக்குப் போன கால் அங்கே பதிவாகி இருக்காதா? நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை, கதையிலும் இல்லை.

[திரை: மழைக்கோட்டு, சுருட்டு.]

கொலம்போ வருவதற்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். கொலைகாரன் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் இந்தத் தொடரின் பாணி. லெவின்சன், லிங்க் என்ற இரண்டு எழுத்தாளர்கள் உருவாக்கிய பாத்திரம் கொலம்போ. 1960-லேயே வேறொரு நடிகர் இந்த வேடத்தைத் தொலைக்காட்சியில் செய்திருந்தாலும், 1968-ல் பீட்டர் ஃபால்க் வந்த பிறகு அது அவருடையதாகவே ஆகிவிட்டது. ஒரு வேடிக்கை பாருங்கள். எழுத்தாளர் ஜோடி ஒன்று உருவாக்கிய தொடர், தன் முதல் கதையிலேயே எழுத்தாளர் ஜோடியில் ஒருவரை இன்னொருவர் கொல்வதாகக் காட்டுகிறது. கதையை எழுதியவர் ஸ்டீவன் போச்கோ. பத்து வருடம் கழித்து ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ தொடரால் பெரிய பெயர் வாங்கியவர்.

சரி, கொலம்போ கென்னை எப்படி மோப்பம் பிடித்தார்? பெரிய தடயம் எதுவும் இல்லை. தன் கூட்டாளி சுடப்பட்டார் என்று கேள்விப்பட்ட மனுஷன், விமானம் பிடிக்காமல் ஏன் அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தார்? அப்புறம் அந்தக் கடித விஷயம். கென் ஜிம்மின் உடலை ஊரிலிருக்கும் தன் வீட்டுப் புல்வெளியிலேயே போட்டுவிட்டு, மாஃபியா மீது பழி விழட்டும் என்று ஒரு பெயர்ப் பட்டியலையும் தயார் செய்கிறார். போலீஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது, வந்திருந்த தபாலை எல்லாம் பிரித்துப் பார்த்துவிடுகிறார். வாசலில் பிணம், கையில் பில். கொலம்போ அதைப் பார்க்கிறார். துக்கத்தில் கவனத்தைத் திருப்ப அப்படிச் செய்தீர்களோ என்று பரிவாகக் கேட்பதுபோல் கேட்கிறார். அந்தப் பரிவுதான் ஆபத்து.

[திரை: ஏரி, இருட்டும் நேரம்.]

பார்வையாளர்களின் முதல் பெரிய புகார் இங்கேதான் தொடங்குகிறது. ஏரி வீட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் லில்லி லா சாங்கா. பார்பரா கோல்பி நடித்திருக்கிறார். கென் மேல் அவருக்கு ஒரு கண். அன்றைக்குக் கென்னின் காரில் இன்னொருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். போலீஸிடம் போகாமல் 15,000 டாலர் கேட்கிறார், அதையும் கொஞ்சலாக. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு, ஷாம்பெயின், பணம் எல்லாம் முடிந்தபின் கென் அவரையும் கொன்று, ஏரியில் படகு விபத்து என்று காட்டிவிடுகிறார்.

“முதல் கொலையை அவ்வளவு கச்சிதமாகச் செய்தவன் இரண்டாவதில் இப்படி அவசரக் குடுக்கையாக நடப்பானா? எழுத்தாளருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது.” இது பலர் சொல்லும் குறை. இன்னும் சிலருக்கு லில்லியின் சாவுதான் மனதை அறுக்கிறது. தனிமையில் வாடும் ஒரு பெண்ணைக் கேலிச்சித்திரம் போலக் காட்டிவிட்டுக் கொன்றுவிட்டார்கள் என்கிறார்கள். அதில் பாதி உண்மை. எழுத்தில் கேலி இருக்கிறது. கோல்பியின் முகத்தில் அது இல்லை. ஏமாறுகிறோமோ என்ற சந்தேகமும், ஏமாறாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையும் ஒரே நேரத்தில் அந்த முகத்தில் ஓடுகின்றன.

இரண்டாவது பெரிய புகார் முடிவைப் பற்றியது. கொலம்போ கடைசியில் காட்டுவது ஜிம்மின் தாள்களுக்கு நடுவே கிடைத்த ஒரு குறிப்பு. ஜிம்முக்குக் கதை யோசனை எது தோன்றினாலும் கிடைத்த காகிதத்தில் எழுதிவைக்கும் பழக்கம். அதில் ஒன்று: ஒருவன் இன்னொருவனைத் தூரத்து வீட்டுக்குக் கூட்டிப்போய், ஆபீஸில் இருப்பதாக மனைவிக்குப் போன் செய்ய வைத்துச் சுடுகிறான். நடந்த கொலை அப்படியே. இதைக் கேட்டதும் கென் ஒப்புக்கொண்டு நடந்துவிடுகிறார்.

“இது ஒரு ஆதாரமா? எந்தக் கோர்ட்டில் நிற்கும்? வக்கீலைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பானே!” எத்தனையோ ரசிகர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் அவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

ஆனால் கொலம்போ அந்தக் காட்சியில் பேசுவதை இன்னொரு தடவை கேளுங்கள். முதல் கொலை பிரமாதம், இரண்டாவது மட்டம் என்கிறார். இரண்டும் ஒரே மூளையில் உதித்திருக்க முடியாது, அப்படியானால் முதல் யோசனை உங்களுடையதாக இருக்காது, ஜிம்முடையதாகத்தான் இருக்கும் என்று போகிறது அவர் பேச்சு. பார்வையாளர்கள் வருடக்கணக்காகச் சொல்லும் முதல் புகாரைக் கொலம்போவே 1971-ல் சொல்லிவிட்டார்! இரண்டாவது கொலை மட்டமாக இருந்தால்தான் இந்த முடிவு நிற்கும். அதைக் கச்சிதமாக எழுதியிருந்தால், கடைசிக் காட்சியில் கொலம்போவுக்குப் பேச ஒன்றுமே இருந்திருக்காது.

[திரை: காலி அலுவலகம்.]

கென்னாக நடித்த ஜாக் காசிடியின் முகத்தை இந்த இடத்தில் பாருங்கள். எபிசோட் முழுக்க அணைக்காமல் வைத்திருந்த சிரிப்பு மெல்லக் கழன்று விழுகிறது. பிடிபட்டுவிட்டோமே என்ற பயம் அதில் இல்லை. இருப்பது ரோஷம். இத்தனை வருடம் எழுதத் தெரியாதவன் என்று மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்த ஆள். வாழ்நாளில் அவருக்குத் தோன்றிய ஒரே ஒரு நல்ல யோசனை அந்தக் கொலைத் திட்டம். அதையும் ஜிம்முடையது என்கிறார் இந்தக் கசங்கிய கோட்டுக்காரர்.

காசிடி பின்னால் 1974, 1976 ஆண்டுகளில் வந்த இரண்டு எபிசோட்களிலும் கொலைகாரராக வந்தார். எனக்கு இதுதான் அவருடைய உச்சம். ஸ்பீல்பெர்க்கின் பெயரைச் சொல்லியே இந்த எபிசோடைப் புகழ்கிறவர்கள் காசிடிக்கும் போச்கோவுக்கும் கொஞ்சம் அநியாயம் செய்கிறார்கள் என்றும் தோன்றுகிறது. ஸ்பீல்பெர்க் இயக்கிய ஒரே கொலம்போ இது. ஷாட்கள் அழகுதான். ஆனால் எனக்குப் பிடித்த இடங்களில் ஒன்றில் கேமரா வித்தை எதுவும் கிடையாது. கணவரை இழந்து நிற்கும் ஜோவன்னாவின் சமையலறையில், கொலம்போ ஒரு ஆம்லெட் போட்டுக் கொடுக்கிறார். அவ்வளவுதான். அடுப்புப் பக்கம் நின்று முட்டை உடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுக்கிறார், அந்த அம்மாவும் பேசுகிறார். விசாரணை நடக்கிறது என்பதே நமக்கு மறந்துபோகிறது.

முடிவுக்கே திரும்புவோம். அந்தக் குறிப்பு இருந்தது ஜிம்மின் தாள்களில். கென் வாயை மூடிக்கொண்டு வக்கீலைக் கூப்பிட்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கலாம், ஆனால் அந்த யோசனை காலத்துக்கும் ஜிம் பெயரில்தான் இருந்திருக்கும். அது என்னுடையது என்று சொல்ல வேண்டுமானால் கொலையையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். கென் சொல்லிவிடுகிறார். யோசனை தன்னுடையதுதான், வருடங்களுக்கு முன்னால் ஜிம்மிடம் தானே சொன்னது என்கிறார். அவன் அதை எழுதிவைப்பான் என்று யார் நினைத்தது என்று ஒரு அலுப்பு வேறு.

[திரை: கறுப்பு. டைப்ரைட்டர் சத்தம் நின்றுபோகிறது.]