துப்பாக்கியால சுட்டவனுக்கு அப்பீல்ல என்னதான் நடக்கும்?

வணக்கம் மக்களே! போன வாரம் நம்ம சிங்கப்பூர் தேக்கால டீ குடிச்சிட்டு இருந்தேன், பக்கத்து மேசை அண்ணன் ஒருத்தர், "அப்பீல் போயிட்டான்ல, இனி கேஸ் முதல்லேர்ந்து நடக்கும்"னு அடிச்சு சொல்றாரு. நான் வாய மூடிட்டு டீய ஆத்திக்கிட்டேன், ஆனா மனசு கேக்கல, அதான் இந்த வீடியோ.

(திரையில: தட்டு மாதிரி கூரை வச்ச சுப்ரீம் கோர்ட்)

முதல்லேர்ந்து எல்லாம் நடக்காதுங்க. பறக்கும் தட்டு இறங்கி நிக்கிற மாதிரி இருக்கே, அப்பீல் கோர்ட் அதுக்குள்ளதான். அங்க சாட்சிங்கள திரும்ப கூண்டுல ஏத்த மாட்டாங்க. கீழ் கோர்ட்ல யார் என்ன சொன்னாங்கன்னு பதிவான கட்டு, ஜட்ஜ் எழுதின தீர்ப்பு, இத வச்சுதான் பேச்சு. அமெரிக்கால ஜூரி (தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழு) "கில்ட்டி"னு சொல்லிட்டு எழுந்து போயிடும், காரணம் சொல்லாது. இங்க ஜூரிய 1970லயே எடுத்தாச்சு, ஜட்ஜ் காரணம் எழுதியே ஆகணும், அதனால வக்கீல் அந்த எழுத்துலதான் ஓட்டை தேடுவாரு.

ஒரு நிஜ கேஸ பாப்போம். 2006 பிப்ரவரி, சிராங்கூன்ல ஒரு வீடு. "ஒற்றைக்கண் டிராகன்"னு பேர் வாங்கின டான் சோர் ஜின் உள்ள போறான், வீட்டுல இருந்தவங்கள கட்டிப் போடுறான், நைட் கிளப் நடத்துன ஒருத்தர சுட்டுக் கொன்னுட்டு மலேசியாவுக்கு ஓடுறான். கோலாலம்பூர்ல பிடிச்சு கூட்டிட்டு வந்துட்டாங்க.

இப்ப கவனிங்க, அவன் மேல தீர்ப்பானது கொலைக் குற்றம் இல்ல, ஆயுதக் குற்றச் சட்டம், பிரிவு 4. அமெரிக்கால செத்தவருக்கு கொலைன்னு ஒண்ணு, குண்டடி பட்டு பிழைச்சவருக்கு தாக்குதல்னு இன்னொண்ணு, தனித்தனியா எண்ணுவாங்க. இங்க ஒருத்தர காயப்படுத்துற நோக்கத்தோட சுட்டாலே தூக்கு, குண்டு யார் மேலயும் படலன்னாலும் சரி. அதுவும் சுட்டாலே அந்த நோக்கம் இருந்துச்சுன்னுதான் சட்டம் எடுத்துக்கும், இல்லன்னு காட்ட வேண்டியது சுட்டவன் பொறுப்பு. கடுமைதான், எனக்கே படிக்கும்போது ஒரு மாதிரி இருந்துச்சு.

இந்த ஆளு என்ன பண்ணான், வக்கீல வேணாம்னு அனுப்பிட்டு தானே வாதாடினான்! உயிர் போற கேஸ்ல போய் இப்படி. போதைல இருந்தேன், தற்காப்புக்கு சுட்டேன்னு பேச்சு. அப்பீலுக்கு சுபாஸ் ஆனந்தன்னு ஒரு வக்கீல் வந்தாரு, வக்கீல் இல்லாம கேஸ் நடந்தது சரியாங்கற கேள்வியும் அங்க வந்துச்சு, ஆனா கோர்ட் ஏத்துக்கல. துப்பாக்கிய தூக்கிட்டு இன்னொருத்தர் வீட்டுக்குள்ள போய் ஆளுங்கள கட்டிப்போட்டவன் எப்படிங்க தற்காப்புன்னு சொல்றது? 2009 ஜனவரில தூக்கு.

அப்ப அப்பீலே வேஸ்ட்டான்னு கேப்பீங்க, இல்ல. துப்பாக்கி இல்லாத ஒரு கேஸ், 2008, கேலாங். ரெண்டு பேர் ஒருத்தர அடிச்சு கொள்ளையடிச்சாங்க, அடி வாங்குனவர் இறந்துட்டாரு, ரெண்டு பேருக்குமே கொலைன்னு தூக்கு. அப்பீல்ல ஒருத்தருக்கு மட்டும் அது கொலை இல்ல, காயப்படுத்தி கொள்ளைன்னு மாறி 18 வருஷம் 6 மாசம் ஆச்சு, பிரம்படியும் உண்டு. கூட போனவர் கொல்லுவார்னு இவருக்கு மனசுல இருந்துச்சாங்கறதுதான் அங்க கேள்வியே. இன்னொருத்தர் கதை வேற: 2013ல சட்டம் மாறி அவருக்கு ஆயுள் ஆச்சு, உடனே அரசு தரப்பு அப்பீல் போச்சு (ஆமா, அவங்களும் போகலாம்), 2015ல 5 ஜட்ஜ்ல 3 பேர் தூக்குன்னாங்க, 2 பேர் வேணாம்னாங்க. 3 ஜெயிச்சுது. அந்த ஒரு ஓட்ட நினைச்சா இன்னும் எனக்கு தூக்கம் வராது.

நாள் கணக்கும் தெரிஞ்சுக்கங்க. தண்டனை சொன்னதுலேர்ந்து 14 நாளுக்குள்ள நோட்டீஸ் குடுக்கணும், உள்ள இருக்கவர் ஜெயில் அதிகாரி கையிலயே குடுக்கலாம். தூக்கு தண்டனைக்கு அப்பீலே போகலன்னாலும் மேல் கோர்ட் தானா எடுத்து ஒரு தடவ பாத்தே ஆகணும். அந்த அண்ணன் இத பாத்தாருன்னா கமெண்ட்ல வாங்கண்ணே, அடுத்த டீ என் கணக்கு.